எடுக்காத போன்

ஆகஸ்ட் 6, புதன்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். மோட்டார் போட மறந்து தொட்டி காலி. இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செய்ய வேண்டியவை: நாலு பேரின் பயிற்சிப் பதிவேடு திருத்த. புது இயர்போன். கேஸ் புக் பண்ண. இவருக்குப் பிரஷர் மாத்திரை.

பதினோரு மணிக்கு பவித்ரா. கவுன்சலிங் படிக்கும் என் நாலு மாணவிகளில் இளையவள், சாத்தூர்க்காரி. எம். புதுப்பட்டி பக்கம் ஒரு இலவச கிளினிக்கில் பயிற்சி. அங்கே யாரிடம் என்ன பேசினாள் என்று புதன்தோறும் ஆன்லைனில் எனக்குச் சொல்ல வேண்டும். நான் கேட்டுத் திருத்த வேண்டும். பெயர் சொல்லக் கூடாது, நம்பர் மட்டும்.

இன்று புது ஆள், நம்பர் ஏழு. ஐம்பத்திரண்டு வயது, பட்டாசுக் கம்பெனி வேலை, தூக்கமில்லை, படபடப்பு. ரேஷன் லிஸ்ட் மாதிரி வாசித்தாள். அந்தம்மா சொன்னதை அவர் வாயால் சொன்ன மாதிரியே சொல்லு என்று அதட்டினேன். எனக்கு நன்றாக வேண்டும். சொன்னாள்:

"'எங்கனயாச்சும் வெடிச்சா ஒரு போன் வரும் தாயி. எடுக்க மாட்டேன். ரெண்டு ரிங் விட்டுட்டு கட் பண்ணிருவேன். உசுரோட இருக்கேன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்.' இப்படிச் சொன்னாங்க மேடம்."

நெட் சரியில்லை என்று சொல்லி கேமராவை அணைத்தேன்.

அந்த 'அவள்' நான். ஆறு வருஷமாக. ரெண்டு ரிங், கட். அக்கா கோபத்தில் வெட்டுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன்.

மாலை

எழுதிவிடுவதே நல்லது. அத்தான் வீட்டுக்குப் பின்னால் தகரச் செட் போட்டு, லைசென்ஸ் இல்லாமல் பேன்சி வெடி செய்தார். அக்காவும் பெண்ணும் அதற்குள்தான் நாள் முழுக்க. மூன்று தடவை கெஞ்சினேன். கேட்கவில்லை. சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் ஒரு அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். சீல் வைத்தார்கள். அத்தான் மூன்று வாரம் உள்ளே. அக்கா என் வாசலில் வந்து நின்று, "நீ படிச்சது எங்களக் காட்டிக் குடுக்கத்தானாடி?" என்றாள். உள்ளே வரவில்லை. அதுதான் கடைசிப் பேச்சு.

அடுத்த சீசனில் அவர்கள் ஊர்ப் பக்கம் ஒரு இடத்தில் வெடித்தது. பதறிப் போய்ப் போன் போட்டேன், வெட்டினாள். அதிலிருந்து எப்போது வெடித்தாலும் அப்படித்தான்.

ஆலோசனைக்கு வருபவர் தெரிந்தவர் என்றால் அன்றைக்கே பயிற்சி கோ-ஆர்டினேட்டரிடம் சொல்லி வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். விதி. நாளை சொல்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

நாலு பேரும் சேர்ந்த வகுப்பு. பாடம்: ஆலோசனைக்கு வருபவர் நமக்குத் தெரிந்தவராக இருந்தால். நானே போன மாதம் போட்டு வைத்த அட்டவணை, யாரை நோவது. ரெண்டு பிள்ளைக்குத் தாயான ஒரு மாணவி கேட்டாள், மேற்பார்வை செய்கிறவருக்கே தெரிந்தவராக இருந்தால் என்ன செய்வது என்று. "அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும்" என்றேன். குரல் பிசிறவில்லை. எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

கோ-ஆர்டினேட்டர் நம்பரை எடுத்தேன், வைத்தேன். திங்கள்கிழமை.

கறிவேப்பிலை கொத்து பத்து ரூபாயாம். அநியாயம்.

ஆகஸ்ட் 13, புதன்

திங்களும் சொல்லவில்லை, செவ்வாயும் சொல்லவில்லை. இன்று ஒன்பது மணிக்கே லேப்டாப் முன்னால். நல்ல சேலை வேறு. யாருக்காம்?

ப. சொன்னவை: நம்பர் ஏழு மூன்று மணி நேரம் தூங்குகிறார். கணவர் இப்போது ஒரு மில்லில் வாட்ச்மேன். மகளுக்கு ஏழாம் மாதம். ஆவணியில் வளைகாப்பு.

எனக்குத் தெரியாது. கல்யாணமானது தெரியும், அதுவும் அடுத்தவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தது. இது தெரியாது. நான் அவளுக்குச் சித்தி.

அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்விகள் சூப்பர்விஷனே இல்லை. சுகர் இருக்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாரா, கூட யார் வருகிறார்கள். புறணி கேட்கிற மாதிரி. பாவம், பவித்ரா ஒவ்வொன்றுக்கும் நோட்டைப் புரட்டிப் புரட்டிச் சொன்னாள். "நல்லாக் கேக்குற பவித்ரா" என்றேன். அவளை நான் பாராட்டியது இதுதான் முதல் தடவை. முகமெல்லாம் பூரிப்பு.

போதாததற்கு, அடுத்த முறை கேட்கச் சொல்லி ஒரு கேள்வியும் கொடுத்தேன்: ஒருநாள் அந்தப் போன் வராமல் போனால் என்ன நினைப்பீர்கள்? யார் கொடுத்திருந்தாலும் நல்ல கேள்விதான். நான் கொடுத்ததுதான் தப்பு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று மணிக்கு பஸ் ஸ்டாண்டு. இவரிடம் மாத்திரை வாங்கப் போவதாகச் சொன்னேன். சிவகாசி பஸ் வந்தது, விட்டேன். அடுத்ததும் வந்தது. கண்டக்டர், "ஏறுறதுன்னா ஏறுங்கக்கா, பாத்துக்கிட்டே நின்னா எப்படி?" என்றார். பக்கத்துக் கடையில் பன்னீர் சோடா குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாத்திரை வாங்க மறந்துவிட்டது.

அக்காவைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வேறொன்றும் வேண்டாம். பேச வேண்டாம், மன்னிக்க வேண்டாம், தூரத்தில் நின்று பார்த்தால் போதும். நரைத்திருப்பாளா?

ஆகஸ்ட் 20, புதன்

ப. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். நம்பர் ஏழு வெகுநேரம் பேசவில்லையாம். ப.வும் வாயைத் திறக்காமல் காத்திருந்திருக்கிறாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகச் செய்தது. பிறகு பதில் வந்திருக்கிறது: "வராம இருக்காது. தானாடாட்டாலும் தன் சதை ஆடும்ல."

நான் கண்ணைத் துடைப்பதற்குள் அடுத்ததையும் சொன்னாள். எழுந்து போகும்போது, "இங்கன பேசுறது வெளிய போகாதுல்ல தாயி?" என்று கேட்டாராம். "போகாதும்மா, எங்க மேடத்துகிட்ட மட்டும் சொல்லுவேன், அவங்களுக்கு நீங்க யாருன்னே தெரியாது" என்று இவள் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அது என் அக்கா, போன் போடுவது நான், முதல் நாளே தெரியும்.

ப. திரையில் அசையாமல் இருந்தாள். நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"அப்போ நல்லாக் கேக்குறேன்னு சொன்னது எனக்கா மேடம், உங்களுக்கா?"

பாதிப் பாதி என்றேன். வேறென்ன சொல்ல, அதுதான் உண்மை.

நான் போகலாமா என்று கேட்டாள். போய்விட்டாள். ரெண்டு வருஷம் கழித்து ஏதாவது ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து யாரிடமாவது 'வெளியே போகாது' என்று சொல்லும்போது அவளுக்கு என் முகம் ஞாபகம் வரும். அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

உடனே கோ-ஆர்டினேட்டருக்குப் போன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டார். ரெண்டு வாரம் என்றேன். ப.வை இனி அவரே பார்த்துக்கொள்வார். நான் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அக்காவிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்று அவர்கள் முடிவு செய்வார்கள், நான் விசாரிக்கக் கூடாது. கடைசியாக: "அதுவரைக்கும் அந்தப் போனையும் போடாதீங்க. அவங்க மனசுல இருக்கிறது உங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. நியாயமில்ல."

சரி என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

ஆகஸ்ட் 23, சனி

மூன்று பேர். பவித்ரா எங்கே என்று கேட்டார்கள். வேறொருவரிடம் மாற்றியிருக்கிறது, தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. என்ன தப்பு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.

விளக்கம் எழுதி அனுப்பியாயிற்று. ஒன்றரைப் பக்கம். நாலு தடவை அடித்து எழுதினேன். 'ஆவல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கவனக்குறைவு' என்று போட்டேன். பிறகு மறுபடி 'ஆவல்' என்றே போட்டேன்.

புதன் பதினோரு மணி இனிக் காலி. அந்த நேரத்தில் என்ன செய்வது?

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று நடந்ததைக் கோ-ஆர்டினேட்டரிடம் சொல்லியாயிற்று. இந்த முறை அன்றைக்கே. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பதினொன்று நாற்பதுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது: எம். புதுப்பட்டி பக்கம் வெடி. எந்தக் கம்பெனி என்று இல்லை. கை தன்னால் அக்கா நம்பருக்குப் போயிற்று. நிறுத்தினேன். போனைச் சமையல் மேடையில் குப்புறப் போட்டேன். பீன்ஸ் நறுக்கினேன். பீன்ஸ்தானா என்றுகூடத் தெரியவில்லை. இவருக்கு இதெல்லாம் போன வாரமே சொல்லிவிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "போடும்மா, யாரு என்ன சொல்லப்போறா" என்றார். முடியாது என்றேன். தலையில் அடித்துக்கொண்டு, பெரியாஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நண்பரிடம் விசாரிக்கத் தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

பன்னிரண்டுக்கு: ரெண்டு பெண்களுக்குக் காயம். பெயர் இல்லை. பூஜை ரூமுக்குப் போனேன், நிற்க முடியவில்லை, திரும்பி வந்தேன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ரிங், யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு பேரம் பேசியது. போடவில்லை. எப்படிப் போடாமல் இருந்தேன் என்று இப்போதும் புரியவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு அடித்தது. திரையில் 'அக்கா'. ஆறு வருஷத்தில் அந்தப் பக்கமிருந்து வந்த முதல் போன். வேறு யாராவது அவள் போனிலிருந்து சேதி சொல்கிறார்களோ என்று பயந்தேன். எடுத்தேன். பின்னால் ஒரே கூச்சல், லாரிச் சத்தம், ஆம்புலன்ஸ். பேச்சில்லை. மூச்சு மட்டும். பிறகு அவளே.

"ஏன்டி போன் போடல?"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"வெடிச்சு முக்கா மணி ஆச்சு. உனக்கு என்னமோ ஏதோன்னு இங்கன நின்னு செத்துக்கிட்டு இருக்கேன். நல்லாத்தான இருக்க?"

இருக்கேன்க்கா என்றேன். நானும் இருக்கேன், அது பக்கத்துக் கம்பெனி, எங்களுது இல்ல என்றாள். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அழுதோம். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, வையி" என்றாள்.

நான் வைக்கவில்லை. அவளும் கட் பண்ணவில்லை.