ஓரத்து மஞ்சள்

நவம்பர் 4, 1999. மான்மவுத் ஜங்ஷன்

பள்ளி விட்டு வந்தால் வீடு முழுக்க அழுகை. அம்மா டே கேர் மாதிரி பார்த்துக்கொள்ளும் நாலு குழந்தைகளில் ஒன்று தூங்கினால் இன்னொன்று எழுந்துவிடுகிறது. இடுப்பில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரியில் ஊர் நூலகத்தில் எங்கள் படைப்புகளை மாட்டப் போகிறார் ஓவிய டீச்சர் மிஸ் கெல்லர். ஆளுக்கொரு பழைய பக்கத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். நான் எடுத்தது, ஒரு புத்தகத்தில் படமாக இருந்த பாரசீக ஆல்பத்தின் பக்கம். எழுத்துக் கலைஞர் கை பழக எழுதிப் பார்த்த தாள். அதே எழுத்துகள், தாளைத் திருப்பித் திருப்பி, ஒன்றின் மேல் ஒன்றாக, தாளே கறுத்துப்போகும் வரை. படித்தால் அர்த்தம் வராதாம். பின்னாளில் யாரோ அதை வெட்டி ஒட்டி, சுற்றிலும் தங்கப் பூ வரைந்து ஆல்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். எழுதிப் பார்த்த தாளுக்கா தங்கம்?

நவம்பர் 16

நாணல் பேனா சொன்ன பேச்சு கேட்பதில்லை. லஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் ரோயா வீட்டில் பாரசீகம் பேசுகிறவள். 'நூன்' என்ற எழுத்து கிண்ணம் மாதிரி இருக்க வேண்டுமாம். என்னுடையதெல்லாம் நசுங்கிய கரண்டியாம்.

நவம்பர் 29

கரண்டிகள். இன்னும் கரண்டிகள். மணிக்கட்டு வலி.

டிசம்பர் 5

டெக்சாஸிலிருந்து அப்பா போன். வேலை அங்கேயே நிலைத்துவிட்டது, ஜனவரி கடைசியில் நாங்களும் போகிறோம். நூலகத்தில் மாட்டுவது அதற்கப்புறம் ஆயிற்றே என்றேன். "அங்கயும் லைப்ரரி இருக்குது கண்ணு" என்றார். அம்மா சரி என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

அங்கே சேர்வது எனக்கு மூன்றாவது பள்ளியாகப் போகிறது. போன இரண்டிலும் என்னை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

டிசம்பர் 7

நீ இல்லாவிட்டாலும் மாட்டுவேன், போவதற்கு முன் கொடுத்துவிடு என்றார் மிஸ் கெல்லர். இந்த ஊரில் என் பெயர் இருக்கப் போகிற ஒரே இடம் அதுதான்.

ஜனவரி 9, 2000

எழுத்து முடிந்தது. ரோயா ஒரு நூனைத் தொட்டுக் காட்டி, இது கிண்ணம் என்றாள். ஒன்றே ஒன்று! இனி ஓரம் மட்டும்தான் பாக்கி. குழந்தைகளுக்கு எட்டாமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 18

நாலு மூலையிலும் மஞ்சள். அம்மா ஈர மஞ்சளைத் தொட்டு விரலால் வைத்திருக்கிறாள். என் தாளில்!

"வெளிய போற புதுப் பொருளு சாமி. மஞ்சள் வெக்காம எப்புடிக் குடுக்கறது?"

புதுத் துணிக்கு வைப்பாள், பத்திரிகைக்கு வைப்பாள், அதெல்லாம் தெரியும். ஆனா இதுக்குமா? "உன்ன யாரும்மா தொடச் சொன்னா? உனக்கு என்ன தெரியும் இதப் பத்தி?" கத்தியே விட்டேன். அம்மா கையைக் கழுவிக்கொண்டு, அழுகிற குழந்தையைத் தூக்கப் போனாள்.

அழித்துப் பார்த்தேன். தாள்தான் பிய்கிறது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

ஜனவரி 19

மூலைகளை வெட்டிவிடலாம் என்று பிளேடை எடுத்தேன். வெட்டினால் அந்தக் கிண்ணத்தின் வால் போய்விடும். எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று புத்தகத்தைத் திறந்தேன். படத்தின் கீழே எழுதியவர் பெயர் இருக்கிறது. ஓரம் செய்தவர் பெயர் தெரியவில்லை என்று போட்டிருக்கிறது. இத்தனை நாள் அந்த வரியை நான் படிக்கவே இல்லை.

மஞ்சளை உற்றுப் பார்த்தால் அம்மாவின் விரல் ரேகை தெரிகிறது. நடுவில் ஒரு கோடு: அரிவாள்மனையில் வெட்டிக்கொண்ட தழும்பு.

நாலு மஞ்சளைச் சுற்றியும் தங்க நிறத்தில் இதழ் வரைந்தேன். அங்கிருந்தே கொடி போட்டு ஓரம் முழுக்க ஓடவிட்டேன். முடியும் வரை அம்மா சமையலறையை விட்டு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜனவரி 21

கொடுத்துவிட்டேன். கீழே ஒட்ட ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னார்கள். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 20. ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

இங்கே குழந்தைகள் இல்லை. அம்மா பகலில் தூங்குகிறாள். அந்தச் சண்டைக்குப் பிறகு என்னிடம் வேண்டியதை மட்டும்தான் பேசுகிறாள்.

ரோயா போட்டோ அனுப்பியிருந்தாள். நூலகச் சுவரில் என் பக்கம். கீழே சீட்டு, ஆங்கிலத்தில். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "எழுத்து: வள்ளி. ஓரம்: தாமரைச்செல்வி."

"எம் பேரெதுக்கு சாமி அதுல?"

நீதானே வெச்ச, என்றேன். போட்டோவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது அது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. போட்டோவின் நாலு மூலையிலும் மஞ்சள், இன்னும் காயவில்லை.