மலைக்காரங்க வக்கீலுக்கு

இன்று காலை கச்சிராயபாளையம் பஸ்ஸில் யாரோ ஒரு மூட்டை கடுக்காய் ஏற்றியிருந்தார்கள். அந்தத் துவர்ப்பு வாசம் மூக்கில் ஏறியதும் என்னையறியாமல் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். கல்வராயன் மலைக்குப் போய்வரும் போதெல்லாம் உன் கறுப்புக் கோட்டில் அதுதான் வீசும்.

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே ஒரே அறையில் நாம் இருவரும் தொழில் தொடங்கினோம். சாமை விதைத்துப் பிழைத்த மலைக்காரர்களை, அது காட்டு நிலம், காலி செய்யுங்கள் என்று வனத்துறை சொன்னபோது அவர்களுக்காக நீ ஆஜரானாய். அந்த வழக்குதான் உன்னைச் சட்டமன்றத்துக்கும் அனுப்பியது.

எம்.எல்.ஏ. ஆன பிறகு உன் கட்சியே வழக்கைக் கைவிடச் சொன்னது. "அடுத்த தடவ சீட்டு வேணாமா ஒனக்கு?" என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"வக்கீலா இருந்தப்ப அவங்க நெலம்னு சொன்னேன். எம்.எல்.ஏ. ஆனதும் அது வேற யாரு நெலமா பூடும்?" என்றாய்.

சீட்டு போயிற்று. சுயேச்சையாக நின்றாய்.

ஓட்டு எண்ணிய அன்று, தோற்றதைவிட மலையிலிருந்து வந்த பெட்டிகள்தான் உன்னை உடைத்தன. அங்கேயும் உன் பழைய கட்சியின் சின்னத்துக்கே குத்தியிருந்தார்கள். வெளியே வந்து துண்டில் முகம் புதைத்து அழுதாய்.

"இன்னாத்துக்குடா இவங்களுக்காக அலைஞ்சிக்கினு இருந்த?" என்று கத்தினேன்.

மறுநாள் அதே வழக்கு விசாரணைக்கு வந்தது. நீ வரமாட்டாய் என்றே நினைத்தேன். வந்தாய். மலையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் வராண்டாவில் உன்னைப் பார்த்ததும் தலைகுனிந்தார்.

"புதுச் சின்னம் மனசுல நிக்கலீங்க. பழகுன கை அதுலயே பூடுச்சிங்க."

"சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாய். மாலையில்தான் என்னிடம் சொன்னாய்: "ஓட்டு அவங்களோடது. நெலமும் அவங்களோடதுதான்டா."

அந்த வழக்கு முடியும்வரை உன் இதயம் தாங்கவில்லை. நீ போன பிறகு மீதியை நான் நடத்தினேன். தீர்ப்பு மலைக்காரர்கள் பக்கம் வந்தது. அந்தப் பெரியவர் என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உனக்குச் சேர வேண்டியதை நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.

உன் மனசு எனக்கு இல்லை. இன்றும் மலையிலிருந்து யாராவது வந்தால், இவர் அன்று யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார் என்றுதான் முதலில் தோன்றுகிறது. அதை விழுங்கிக்கொண்டு, "ஒக்காருங்க, இன்னா விஷயம்?" என்கிறேன். உன்னிடமிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது அவ்வளவுதான்.