பெட்டிக்காரிக்கு மூன்று நாற்காலிகள்

செப்டம்பர் 2, செவ்வாய்

நூலக வாசகர் கூட்டத்தில் இந்த மாதம் பேசவிருக்கும் நாவலை இரண்டாம் முறை முடித்தேன். முதல் முறை புரிந்தது போல இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

கதை சின்னது. அண்ணன் ஒரு தங்கும் விடுதி நடத்துகிறான். தங்கை அங்கேயே இருந்து அறைகளைக் கவனித்துக்கொள்கிறாள். அவள் கட்டிலுக்கடியில் துணி அடுக்கிய பெட்டி ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அதை வெளியே இழுத்து, துணிகளை முற்றத்து வெயிலில் போட்டு, மடித்து அடுக்கி, மறுபடி உள்ளே தள்ளுகிறாள். கடைசிப் பக்கம்வரை எங்கேயும் போவதில்லை. ஏன் போகவில்லை என்று எழுதியவரும் சொல்லவில்லை. எங்கள் கூட்டத்தில் அவளுக்குப் பெயரே பெட்டிக்காரி என்றாகிவிட்டது.

சனிக்கிழமை நான் பேச வேண்டும். உளப்பகுப்பாய்வை வைத்துக் கதாபாத்திரங்களைப் புரிந்துகொள்வது எப்படி என்று. யாரும் கேட்கவில்லை, நானாகத் தலையைக் கொடுத்தேன். வாழ்நாள் முழுக்கப் பாடம் எடுத்த வாய், ஓய்வு பெற்றதும் சும்மா இருக்குமா?

மத்தியானம் அக்காவுக்கு ஒரு போன். பால்கனியில் நின்று வெகுநேரம் பேசினாள். யார் என்று கேட்டேன். "நர்ஸம்மா" என்றாள். அதோடு சரி.

செப்டம்பர் 4, வியாழன்

மனசின் மூன்று பங்கு: இட், ஈகோ, சூப்பர் ஈகோ. இப்படியே சொன்னால் கூட்டத்துக்கு வரும் மருந்துக்கடைக்காரர் மூன்று வேளை மாத்திரை என்று நினைத்துக்கொள்வார். அதனால் வேறு பெயர் வைத்தேன்: 'வேணும்', 'பார்ப்போம்', 'கூடாது'.

எடுத்துக்காட்டும் தயார். வகுப்பு நடக்கிறது, வெளியே மழை. பையனுக்குள் ஒரு குரல், ஓடு, நனை என்கிறது. அது 'வேணும்'. இன்னொன்று தலைமையாசிரியர் குரலில் உட்கார் என்கிறது. அது 'கூடாது'. மூன்றாவது, "சார், தண்ணி குடிக்கப் போகணும்" என்று கையைத் தூக்குகிறது. அந்தக் கைதான் 'பார்ப்போம்'. மேடையில் மூன்று நாற்காலி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒருவரை உட்காரவைத்து, பாத்திரத்தின் மனசாகப் பேசச் சொல்லப்போகிறேன்.

அக்காவிடம் ஒத்திகை பார்த்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"மூணு பேரும் ஒரே ஆளுக்குள்ளயா? வாடகை யாரு குடுக்கறது?"

பிறகு அதே மூச்சில் போன் விஷயத்தைச் சொன்னாள். அக்கா ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்கு பார்த்த காலத்தில் நர்ஸம்மாவும் அங்கேதான். இப்போது வேறு ஊரில் தனி வீட்டில் தனியாக இருக்கிறார். கீழ் அறை காலி, என்னோடு வந்து இருந்துவிடு என்கிறாராம். மாதக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் வேறு யாருக்காவது விட்டுவிடுவார்.

"நீ என்ன சொல்றே?" என்றாள்.

"உன் இஷ்டம்க்கா" என்றேன்.

கத்தி ஒரு நொடி நின்றது. அல்லது நின்றதாக எனக்குத் தோன்றியது.

சரியாகத்தானே சொன்னேன்? என் மனைவி இறந்தபோது ஒரு மாதத் துணைக்கு வந்தவள். இத்தனை வருடமாக இருக்கிறாள். இனியும் போகக் கூடாது என்று சொல்ல நான் யார்?

செப்டம்பர் 6, சனி

கூட்டம் நன்றாகவே போயிற்று. 'கூடாது' நாற்காலியில் வக்கீலம்மா. நீதிமன்றத்தை விட்டு வந்த பிறகு இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லை. "அண்ணன் சோறு போடறான், நன்றி வேணாமா? விடுதியை யாரு பாப்பா?" என்று பெட்டிக்காரியைப் பிடி பிடி என்று பிடித்தார். 'பார்ப்போம்' நாற்காலியில் மருந்துக்கடைக்காரர். "போகணும், ஆனா போகலை. எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதே கதைதான்" என்றார். வக்கீலம்மா முறைத்ததும் "மருத்துவ உண்மைம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டார். 'வேணும்' நாற்காலியில் நானே உட்கார்ந்து ரயில், கடல், புது ஊர் என்று அடுக்கினேன்.

முடிவாக நான் சொன்னது: பெட்டி அவளுடைய ஆசை. அதை மூடிவைப்பது குற்ற உணர்வு. அண்ணன் ஒரு வார்த்தை தடுக்கவேண்டியதில்லை. அவன் குரல் அவளுக்குள்ளேயே குடியிருந்து தடுக்கிறது. கைதட்டினார்கள்.

அக்கா வழக்கம்போலப் பின்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே. புத்தகத்துக்காக வருகிறாளா காற்றுக்காக வருகிறாளா என்று நூலகர் கேலி செய்வார்.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்: "நல்லா இருந்துது."

"நான் சொன்னதை ஒத்துக்கறியா?"

"நல்லா இருந்துதுன்னேன்."

செப்டம்பர் 10, புதன்

போக விரும்புகிறாளா, இல்லையா?

விரும்புகிறாள்: பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுவென்று பாடுகிறாள். நர்ஸம்மா ஊரில் குளிரா என்று செய்தியில் வானிலை பார்க்கிறாள். விரும்பவில்லை: பால்கனியில் புதிதாக இரண்டு தொட்டி வைத்திருக்கிறாள். ஊரை விட்டுப் போகிறவள் விதை போடுவாளா? ஆனால் போகிறவள்தான், என் ஞாபகமாக இருக்கட்டும் என்று போடுவாள். ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் திரும்புகிறது.

பாத்திரமாக இருந்தால் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம்.

நேரே கேட்டால் என்ன? கேட்டால், நான் இருக்கச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். பிறகு எனக்காக இருப்பாள். அவளுக்குள் உட்கார்ந்து 'கூடாது' சொல்லும் தம்பியாக ஆகிவிடுவேன். சனிக்கிழமை நான் திட்டிய அந்த அண்ணனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

செப்டம்பர் 13, சனி

நூலகத்தில் வெள்ளையடிக்கிறார்கள். கூட்டம் இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

பெட்டி வாங்கினேன். நீல நிறம், நாலு சக்கரம், இழுக்கக் கைப்பிடி. அவளுடைய பழைய துணிப்பைக்கு ஒரு காது அறுந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் கஷ்டப்படக் கூடாது. போவதானால் நிம்மதியாகப் போகட்டும், என் பக்கத்திலிருந்து ஒரு தடையும் இல்லை என்று தெரியட்டும். இதுதான் என் எண்ணம். இதைவிடப் பெருந்தன்மை உண்டா?

அக்கா ஜிப்பை ஒருமுறை திறந்து மூடினாள்.

"சக்கரமெல்லாம் இருக்கே" என்றாள். "ஒரு தள்ளு தள்ளிவிட்டா தானா ஓடிடும் போல."

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சிரித்த பிறகு எனக்கு ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறது?

செப்டம்பர் 17, புதன்

பேசவில்லை என்று சொல்ல முடியாது. டீ வைக்கட்டுமா, தண்ணி வரலை, துணி காயலை. இதெல்லாம் பேச்சுதானே. இல்லையா?

செப்டம்பர் 20, சனி

எங்கிருந்து தொடங்குவது?

இன்றைக்குத் தற்காப்பு உத்திகள். மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னென்ன வேஷம் போடும் என்று. மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வாத்தியார் வகுப்புக்கு வந்து சாக்பீஸை உடைப்பார்: கோபத்தின் இடமாற்றம். காப்பியடிக்கும் பையன்தான் முதலில் எழுந்து "சார், இவன் பாக்கறான்" என்பான்: தன்னுடையதை அடுத்தவர் மேல் ஏற்றுவது. பிடிக்காத உறவுக்காரர் வந்தால் வாசலிலேயே "வாங்க வாங்க" என்று கூடுதலாக உருகுவோம்: உள்ளே இருப்பதற்கு நேர் எதிராக நடப்பது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு நாற்காலிகள். 'வேணும்' காலியாக இருந்தது. நூலகர் போய் அக்காவைக் கையோடு அழைத்து வந்து உட்காரவைத்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா பெட்டிக்காரி, உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"தெரியலை."

"'வேணும்' நாற்காலியில உக்காந்துக்கிட்டு தெரியலைன்னா எப்படிம்மா? போகணுமா?"

"இல்லை."

"அப்ப இருக்கணும்."

"அதுவும் இல்லை." அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டாள். "மாசாமாசம் எல்லார் கண்ணு முன்னாடியும் முற்றத்துல துணியைப் பரப்பறேன். ஒருத்தராவது 'எங்க கெளம்பறே, போகாதே'ன்னு சொல்றாங்களான்னு பாக்கறேன். சொன்னா பெட்டியைப் பிரிச்சிருப்பேன்."

வக்கீலம்மா விடவில்லை. "இது புத்தகத்துல எங்கயும் இல்லையே. ஆதாரம்?"

"இல்லாததுதாங்க ஆதாரம். யாரும் கேக்கலை பாருங்க."

சொல்லிவிட்டு, இங்கே காற்று வரவில்லை என்று எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

நான் மேடையில் நின்றுகொண்டு, தன்னுடையதை அடுத்தவர் மேல் ஏற்றுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்த உடனேயே குழம்பிப்போனேன். ஏற்றியது யார்? அக்கா தன்னைப் பெட்டிக்காரி மேல் ஏற்றினாளா? அல்லது ரயில், கடல் என்று போன கூட்டத்தில் அடுக்கினேனே, அது யாருடைய ஆசை? பெட்டிக்காரி ஒரு இடத்திலாவது கடல் என்று சொன்னாளா?

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையிலிருந்து நாவலைத் தேடிப் பார்த்துவிட்டேன். கடல் இல்லை. ரயில் ஒரே இடத்தில் வருகிறது, அதுவும் விடுதிக்கு ஆள் வரும் ரயில்.

அக்கா சொன்னது சரி. அண்ணன், அண்ணி, சமையல்காரன், தங்க வருகிறவர்கள் எல்லோரும் முற்றத்தில் காயும் துணிகளைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பெண்ணின் மனசுக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாகத் தேடினேன். அவள் நின்ற முற்றத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் நின்று "வாங்க வாங்க" என்று உருகுகிறவர். அந்த எடுத்துக்காட்டை எழுதியபோது நீலப்பெட்டி எனக்கு எதிரே, சோபா பக்கத்தில்தான் இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

காலையில் மொட்டை மாடியில் போர்வை மடித்தோம். அக்காவுக்குத் தனியாக மடிப்பது பிடிக்காது. ஆஸ்பத்திரிப் பழக்கம். ஆளுக்கு ஒரு முனை, உதறி, இழுத்து, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும்.

"அக்கா, அந்தப் பெட்டி வாங்கினது இருக்கே, அது ஒரு வகைத் தற்காப்பு. மனசுல இருக்கறதுக்கு நேர் எதிரா–"

"இழுத்துப் பிடி."

"–நடந்துக்கறது. இப்ப எடுத்துக்காட்டா, ஒரு பையன்–"

"டேய். பையனை விடு. உனக்கு என்ன?"

நான் என் முனையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கவேண்டிய இடம். கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றேன். வாயில் ஒரு எடுத்துக்காட்டும் வரலை. ஒண்ணுகூட.

"போகாதேக்கா."

அவள் என் விரல்களிலிருந்து மூலைகளைப் பிரித்து எடுத்துச் சேர்த்தாள்.

"இதைச் சொல்ல வாத்தியாருக்கு மூணு நாற்காலி, ஒரு பெட்டி" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அப்ப நர்ஸம்மாகிட்ட வரலைன்னு சொல்லிடறியா?"

"யாரு சொன்னா? இனிமேத்தான் யோசிக்கணும்."

"இத்தனை நாள்?"

"இத்தனை நாளா நீ என்ன நினைக்கறேன்னுதான் யோசிச்சேன். இப்பத்தான் எனக்கு என்ன வேணும்னு பாக்கவே முடியும்."

செப்டம்பர் 28, ஞாயிறு

போகிறாளாம்.

போய்ப் பார்க்கிறாளாம். பிடித்தால் இருப்பாள், பிடிக்காவிட்டால் வருவாள், பிடித்தாலும் வருவாள். இப்படித்தான் சொன்னாள். நான் கேட்டதால் போகிறாளா, கேட்டும் போகிறாளா? கேட்காமல் இருந்திருந்தாலும் போயிருப்பாள், ஆனால் அது வேறு போவது. இல்லையா? எந்த நாற்காலியில் இதை உட்காரவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். இல்லை, கொஞ்சம் வந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். காது அறுந்த துணிப்பையைத் தைத்து அதையே எடுத்துக்கொண்டு போனாள். நீலப்பெட்டி வேண்டாம் என்றுவிட்டாள். "அது நீ வாங்கினது, உன் வீட்டுல இருக்கட்டும்." தன் கம்பளித் துணிகளையும் கனத்த போர்வையையும் அதில் அடுக்கித் தன் கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறாள். அங்கே அவ்வளவு குளிர் இல்லையாம்.

தொட்டிகளில் முளை விட்டிருக்கிறது. என்ன செடி என்று கேட்க மறந்துபோனேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் அக்கா போன். நர்ஸம்மா சீட்டு விளையாட்டில் கள்ளத்தனம் செய்கிறாராம். கையும் களவுமாகப் பிடித்தாளாம். குரல் தெம்பாக இருக்கிறது. கடைசியில்: "அந்தப் பெட்டியை வெளிய எடுத்து வெயில்ல போடுடா. பூச்சி வந்துடும்."

மொட்டை மாடியில் கம்பளித் துணிகளைப் பரப்பிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஊருக்கா?" என்றார்.

"இல்லைங்க. அக்காவோடது" என்றேன்.

அப்போதுதான் பொறி தட்டியது. நாவலில் அந்தத் துணிகள் யாருடையவை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? பெட்டி என்றதும் போவதற்குத்தான் என்று வக்கீலம்மா, மருந்துக்கடைக்காரர், நான், அக்காகூட முடிவு கட்டிவிட்டோம். வேறு யாரோ விட்டுப்போனதை அவள் பூச்சி அரிக்காமல் வைத்திருந்தால்? தெரியவில்லை. கீழே போய்ப் புத்தகத்தைப் பார்க்கலாம். பார்க்கவில்லை.

மத்தியானம் நானே போன் செய்தேன்.

"எப்ப வர்றே?"

"ஏன், பெட்டியில பூச்சியா?"

"இல்லை. எப்ப வர்றேன்னு கேட்டேன்."

"குளிர் வரட்டும்" என்றாள். "போர்வையை மடிச்சியா?"

மடித்தேன். ஒரு பக்கத்தைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, மறுபக்கத்தைக் கையில் பிடித்து எப்படியெல்லாமோ முயன்றேன். மூலைகள் சேரவில்லை. அப்படியே உள்ளே வைத்துவிட்டேன். வந்து திட்டட்டும்.