டெய்லர் கட்டிய பொம்மை வீடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும், வேறு பதில் எழுதினால் ஏற்க மாட்டேன். உன் கடிதம் வந்தது. பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுக் குழந்தைக்காகத் திரும்பி வந்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். உன் பெரிய அத்தை போனில் அழுதிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். முதலில் இங்கே நடந்ததைக் கேள், பிறகு பெட்டி கட்டலாம்.

போன மாதம் என் அக்கா, அதே உன் பெரிய அத்தைதான், வந்து ஒரு வாரம் தங்கினாள். தங்கினவள் சும்மா இருந்தாளா, குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அப்பா போய்ச் சேர்ந்தாச்சு, அம்மா கண்காணாத இடத்துல, அம்மா இல்லாத வீடெல்லாம் ஒரு வீடாடி கண்ணு" என்று உருகியிருக்கிறாள். மறுநாள் உன் மகள் பொம்மைகளையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "இதுங்களுக்கு வீடு இல்ல தாத்தா" என்றாள். அழக்கூட இல்லை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது, வா, நாமே வீடு கட்டிடலாம் என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருஷமாகத் துணியைத் தவிர நான் எதையும் வெட்டியதில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

கடையில் துணி வெட்டும் மேஜையின் மேல்பலகை இருந்ததே, அதையே கழற்றித் தெருமுனைத் தச்சரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "என்ன டெய்லர் சார், பலகைக்குப் பட்டன் காஜா எடுக்கணுமா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று ரம்பத்தைக் கேட்டு வாங்கினேன். துணியில் தப்பு வந்தால் பிரித்துத் தைக்கலாம், மரத்தில் போனது போனதுதான். முதல் சுவர் ஒரு விரற்கடை குறைந்துவிட்டது, அதை மாடிப்படியாக்கினேன். சுத்தியல் பட்டுக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. உப்புத்தாள் தேய்த்தது முழுக்க உன் மகள். மூன்று வாரத்தில் கீழே இரண்டு அறை, மேலே ஓர் அறை, திறந்து மூடும் கதவு, எல்லாம் வந்துவிட்டது. கூரை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதனால் என்ன, யாருக்கும் ஒழுகப்போவதில்லை. உன் அம்மா மிச்சத் துணியில் திரைச்சீலை தைத்தாள்.

போன ஞாயிறு அக்கா மறுபடி வந்தாள். வீட்டைப் பார்த்துவிட்டு, அம்மா பொம்மையை உள்ளே உட்கார வை, அப்போதுதான் வீடு லட்சணமாக இருக்கும் என்றாள். உன் மகள் அந்தப் பொம்மையை எடுத்துக்கொண்டு நேரே கூடத்தின் மறுகோடிக்குப் போய் ஜன்னல் விளிம்பில் உட்கார வைத்தாள். "அம்மா வேலை கத்துக்கப் போயிருக்கா. வீடு அவளோடதுதான்" என்றாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம் என்று ஆரம்பித்தாள். அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாக அவளை எதிர்த்துப் பேசினேன். "அக்கா, இந்த வீட்ல பாவப்பட்டவங்க யாரும் இல்ல. அந்த வார்த்தைய வாசலோட நிறுத்திக்கோ" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு போனவள் இன்னும் போன் செய்யவில்லை. நானும் செய்யப்போவதில்லை. உன் அம்மா முதலில் பயந்து, பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உன் மகள் உன்னைத் தேடுவதில்லை என்று பொய் எழுத மாட்டேன். தேடுகிறாள், சில நாள் சாப்பிடும்போது அழுகிறாள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் நீ திரும்பி வர வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்பதெல்லாம் ஊர்வாய்தான். ஊர்வாய்க்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இன்னும் எட்டு மாதம், முடித்துவிட்டுத் தலைநிமிர்ந்து வா. வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள்.

நீ எடுத்த காரியம் ஜெயிக்கும், நீடூழி வாழ்வாய். ஒன்று மறந்துவிடாதே: பொம்மை வீட்டின் மேல் அறை உன்னுடையதாம், நீ இப்போது இருக்கும் அறை மாதிரியே இருக்க வேண்டுமாம். அங்கே ஜன்னல் எந்தப் பக்கம் என்று உடனே எழுது. அது தெரியும்வரை அந்தச் சுவரில் ரம்பம் வைக்கக் கூடாது என்று எனக்கு உன் மகளின் உத்தரவு.

இப்படிக்கு,
உன் அப்பா