கண்ணாடியில் ஒட்டாத கறுப்பு

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? அத்தையின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்.

நேற்று நான் ஓட்டிப்போன முதலாளியின் வெளிநாட்டுக் காரைப் போலீஸ் மடக்கியது. பயப்படாதே, ஜெயித்தது நான்தான்.

"கண்ணாடியில கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டக் கூடாதுன்னு தெரியாதா? பிச்சு எடு" என்று இன்ஸ்பெக்டர் பிளேடை நீட்டினார்.

"ஒட்டியிருந்தாத்தானே சார் பிச்சு எடுக்க? ஃபேக்டரியிலயே கறுப்பா வந்த கண்ணாடி சார்."

வேலைக்குச் சேர்ந்த வாரம் நானும் அதை ஸ்டிக்கர் என்று நினைத்து, சோப்புத் தண்ணீர் விட்டு அரை நாள் சுரண்டி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அது நேற்று கைகொடுத்தது. கண்ணாடியைப் பாதி இறக்கி, விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். எதுவும் உரியவில்லை.

"ரொம்பக் கறுப்பா இருந்தாலும் தப்புதான்யா" என்று வெளிச்சம் அளக்கும் கருவியை வைத்தார். மயிரிழையில் தேறிவிட்டது. பின் சீட்டில் இருந்த முதலாளி என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இந்தக் காருக்குள் இருந்து பார்த்தால் ஊரே தெரிகிறது, உங்கள் இருவரைத் தவிர. உன் படமும் நம் பாப்பா படமும் உடனே அனுப்பு. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டலாமா என்று இன்ஸ்பெக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"கண்ணாடிய விட்டுட்டு எங்க வேணா ஒட்டிக்க" என்றார்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் கணவன்