கருவாட்டு வாசம்

வியாழன், 14 செப்டம்பர் 1961

இன்று அம்மா நோர்வூட் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள். நான் இந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகு அவள் வருவது இதுதான் முதல் தடவை. தூக்குச்சட்டியில் ரொட்டியும் கருவாட்டுக் குழம்பும். யாரையும் கேட்காமல் தூள் சலிக்கும் அறைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"தம்பி, சாப்பிட்டியாப்பா?"

காய்ந்த தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். நான் படித்த ரசாயனத்தில் இது பாலபாடம். அந்தப் படிப்புக்குத்தான் இந்த உத்தியோகமும் குவாட்டர்ஸும் தந்திருக்கிறார்கள். சலிக்கிற பெண்கள் தலையில் பூ வைத்து வந்தாலே நான்தான் திருப்பி அனுப்புவேன். அவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இங்க நிக்கக் கூடாது. வெளிய போ" என்றேன். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

"சரிங்கய்யா" என்றாள். கோபமில்லை. தோட்டத்து உத்தியோகத்தர்களிடம் இத்தனை வருஷம் சொல்லிப் பழகிய அதே குரல்.

வேலை முடிந்து ஓடிவந்தேன். குவாட்டர்ஸ் வாசலில் சட்டி மட்டும் இருந்தது. அவள் அப்போதே பஸ் ஏறிவிட்டாளாம்.

நான் செய்தது சரிதான். தொழிற்சாலைக்குப் பொறுப்பான பெரிய டீமேக்கர்கூட மெச்சினார். அம்மா இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் என்றால், இருமினாலும் பக்கத்து வீட்டில் என்னவென்று கேட்பார்கள். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் யாருமில்லை.

ஆறிப்போன குழம்பை அப்படியே வழித்துச் சாப்பிட்டேன். விரலில் வாசம் இருக்கிறது. காலையில் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொழிற்சாலைக்குள் போக முடியாது.

இப்போது கழுவ மனமில்லை.