உங்கள் தம்பியின் சைக்கிள்

ஸ்காபரோ
ஜனவரி 12

அன்புள்ள மக்டலீன் மச்சாளுக்கு,

செலீன் எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நாங்கள் இங்கே கனடாவில் சுகம். நோர்வேயில் நீங்களும் பிள்ளைகளும் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் நினைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தைக் கண்டதும் பயந்துவிடாதீர்கள். ஃபோனில் கதைக்கலாம்தான். ஆனால் இந்த அப்பார்ட்மென்டில் ஒரு அறையில் கதைத்தால் மற்ற அறைக்குக் கேட்கும். என் ஃபோனையும் உங்கள் தம்பி எடுத்துப் பார்ப்பார். இது அவர் காதுக்குப் போகக் கூடாத விஷயம். அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. மகளுக்கு ஒஷாவாவில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே அறை எடுத்துவிட்டாள், சனிக்கிழமைகளில் வந்துபோகிறாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தம்பி றூபன் சைக்கிள் ஓடத் தொடங்கியிருக்கிறார். அதுவும் இந்த ஜனவரிக் குளிரில்! கதவுத் தொழிற்சாலை வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறார், சைக்கிளில்தான் வருகிறார். கார் கீழே பார்க்கிங்கில் தூசி பிடித்து நிற்கிறது. ஏன் என்று கேட்டால், 'உடம்புக்கு நல்லது' என்கிறார். ஒரு மாடி ஏறுவதற்கும் லிஃப்டுக்குக் காத்து நிற்கிற மனிதருக்கு உடம்பில் இந்த அக்கறை எங்கிருந்து வந்தது? மகளிடம் சொன்னேன். 'அப்பா சரியான கூல் அம்மா, விடுங்கோ' என்று சிரித்தாள்.

சைக்கிளைப் பார்த்தால், இதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்கிற என் யோசனைதான் உங்களுக்கும் வரும். இரும்பு ஆணி பதித்த ரயர் போட்டிருக்கிறார். முன்னுக்கு வெள்ளை வெளிச்சம், பின்னுக்குச் சிவப்பு. ஹாண்டிலின் இடப்பக்கம் பெரிய கண்ணாடி. உறைமழை பெய்து ரோட்டெல்லாம் கண்ணாடி போலக் கிடந்த அன்று, குந்தியிருந்து ரயரில் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தார். காற்றுக் குறைந்தால் ரயர் பரந்து ரோட்டைக் கூடுதலாகப் பிடிக்குமாம். 'ஆர் சொன்னது?' என்று கேட்டேன். 'சொல்லிச்சினம்' என்றார். யாரோ சொன்னார்களாம், அவ்வளவுதான்.

போன ஞாயிறு, கார் இல்லாமல் போக முடியாத ஸ்ரௌவ்வில்லில் ஒரு ஞானஸ்நானம். கிளடிஸ் அக்காவின் பேரப்பிள்ளை, போகாமல் விட முடியாது. சேலை கட்டி வெளிக்கிட்டு நிற்கிறேன், 'கார் பற்றரி செத்துப்போச்சு' என்றார். நான் திரும்பிச் சேலையை அவிழ்த்தேன். அடுத்த நாள் அவர் வேலைக்குப் போன பிறகு கீழே இறங்கி, சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். கார் ஒரு சத்தத்தோடு உடனே எழும்பியது.

உங்கள் தம்பி எனக்குப் பொய் சொன்னதை நான் இதுவரை கண்டதில்லை மச்சாள். உங்களிடம் கிழமைக்கு ஒருமுறை கதைக்கிறாரே, ஏதும் சொன்னாரா? தெரிந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்
செலீன்


ஸ்காபரோ
பெப்ரவரி 9

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. 'என்ர தம்பி அப்பிடிப்பட்ட ஆள் இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். அக்காமார் அப்படித்தான் எழுதுவார்கள். நானும் என் அண்ணனுக்கு அப்படித்தான் எழுதுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும், 'நீ பஸ்ஸில போ, நான் பின்னால வாறன்' என்று என்னை அனுப்பிவிடுவார். சைக்கிளைக் கோவில் மண்டபத்துச் சுவரோடு சாத்திவைத்திருப்பார். போன ஞாயிறு நான் பஸ்ஸில் ஏறவில்லை. தரிப்பிடத்துக் கண்ணாடிக்குள் நின்று பார்த்தேன்.

கோவிலுக்குப் பின்னால் இருக்கிற பெரிய பார்க்கிங்கில் ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பனியை வழித்தெடுத்த இடமெல்லாம் மெல்லிய ஐஸ். மண்டபத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், தலையில் மஞ்சள் தொப்பி. உங்கள் தம்பி சைக்கிளில் ஏற, அவள் பின்னாலும் பக்கத்திலுமாக ஓடினாள். அவள் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. 'ஐஸில முன் பிறேக்கைத் தொடாதேங்கோ! ஹாண்டிலைத் திருப்பாதேங்கோ, நேரா விடுங்கோ! தலையை முழுசாத் திருப்பிப் பாருங்கோ அங்கிள், முழுசா!' அவர் ஒருமுறை சறுக்கி விழப் பார்த்தார். அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். இருவரும் சிரித்தார்கள். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு எவ்வளவு காலம்!

இனி ஒளித்து நின்று என்ன பயன் என்று நேரே பார்க்கிங்குக்குள் நடந்தேன். அவர் வட்டமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் அவருடைய இடப்பக்கமாக ஒதுங்கி நின்றேன். என் இந்தச் சிவப்புக் கோட்டோடு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். மச்சாள், என்னைக் கடந்து போனார். தலை திரும்பவில்லை. கண்கூட அசையவில்லை. கட்டின பெண்சாதி நடு வெளியில் நிற்கிறேன், ஒரு விளக்குக் கம்பத்தைக் கடப்பதுபோலப் போய்விட்டார்.

அந்தப் பெண்தான் ஓடிவந்தாள். பெயர் நதீஷாவாம். மண்டபத்தின் கீழறையில் சைக்கிள் திருத்திக் கொடுக்கிறவளாம். 'செலீன் அன்ரிதானே? அங்கிளைக் கூப்பிடுறதெண்டால் அவற்ற வலப்பக்கமா நிண்டு கூப்பிடுங்கோ அன்ரி' என்றாள். என் புருஷனுக்கு எந்தப் பக்கத்தில் நான் நிற்க வேண்டுமென்று இவள் யார் எனக்குச் சொல்ல? திரும்பி நடந்தேன். வழியில் ஐஸில் வழுக்கி முழங்காலை அடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர், 'என்ன நொண்டுறாய்?' என்று கேட்டார். 'ஒண்டுமில்லை' என்றேன். அவருக்கு மட்டும்தானா மறைக்கத் தெரியும்!

இன்னும் கேட்கவில்லை. கேட்டால் ஏதோ ஒரு பதில் வரும். பிறகு அந்தப் பதிலோடு நான் வாழ வேண்டும். எனக்காக ஒரு ஜெபமாலை சொல்லுங்கள்.

செலீன்


ஸ்காபரோ
மார்ச் 16

என் அன்பு மச்சாளுக்கு,

உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அழுகை வந்தது.

நதீஷா சொன்ன அந்த 'வலப்பக்கம்' எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் பின்னேரம் உங்கள் தம்பி யன்னலோரம் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல வெளிச்சம். நான் சத்தமில்லாமல் அவருடைய இடப்பக்கம் போய் நின்றேன். கையை நீட்டினேன். அவர் காதுக்குப் பக்கத்தில் விரல்களை அசைத்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு குடித்தார். கையைக் கன்னத்தடிக்குக் கொண்டுபோனேன். அப்போதும் குடித்தார். கை மூக்குக்கு நேரே வந்தபிறகுதான் திடுக்கிட்டுக் கோப்பையைக் கொட்டினார்.

'எப்ப இருந்து?' என்று கேட்டேன்.

கொட்டின தேத்தண்ணியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். குளுக்கோமாவாம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிவிட்டதாம். இடப்பக்கத்துப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. வலப்பக்கமும் கொஞ்சம். இலையுதிர் காலத்தில் காரின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்தபோது, யாரோ பார்க்கிங்கில் இடித்துவிட்டுப் போனதாக என்னிடம் சொல்லியிருந்தார். இடித்தது அவர்தான், தூணோடு. அதற்குப் பிறகு தானாகவே போய்க் கண்ணைக் காட்டியிருக்கிறார். டொக்டர் அரசாங்கத்துக்கு அறிவிக்க, அவர்கள் லைசன்ஸை நிறுத்திவிட்டார்கள்.

'ஏன் என்னட்டச் சொல்லேல்லை?' என்று கத்தினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: 'ஊரில அம்மா, கண் தெரியாத அப்பாவைக் கையில பிடிச்சுக்கொண்டு பேசாலைக் கோவிலுக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கோ? சாகும்மட்டும் அவ அந்தக் கையை விடேல்லை. ஒரு நாள் தனிய எங்கையும் போனவவோ? உன்னை நான் அப்பிடி ஆக்கமாட்டன் செலீன்.'

மச்சாள், நான் இத்தனை நாளும் எதை நினைத்து அவரை முறைத்தேன், அவர் எதை நினைத்துப் பேசாமல் இருந்தார்!

ஆனால் கோபம் போகவில்லை. இந்த நாட்டில் சைக்கிளை ரோட்டின் வலக்கரையில் ஓட வேண்டும். கார்கள் இடப்பக்கத்தால்தான் முந்திப் போகும். பார்க்க முடியாத பக்கத்தை வாகனங்களுக்குக் கொடுத்துக்கொண்டு, காலுக்குக் கீழே ஐஸோடு இவ்வளவு நாளும் போய்வந்திருக்கிறார்! நதீஷாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பெருந்தெருவில் ஓடவே கூடாதென்று முதல் நாளே சத்தியம் வாங்கினாளாம். உயர்மின் கம்பங்களுக்குக் கீழே வாகனம் வராத பாதை ஒன்று தொழிற்சாலைப் பக்கம் போகிறது, அதைத்தான் காட்டிவிட்டாளாம். 'வேண்டாமெண்டு சொன்னால் அங்கிள் களவாத் தனிய ஓடியிருப்பார் அன்ரி' என்றாள். அது உண்மைதான். நான் போன கிழமை அந்தப் பாதை முழுக்க நடந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். இரண்டு இடத்தில் தெருவைக் கடக்க வேண்டும். அங்கே இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். பனி கொட்டுகிற நாளில் பஸ்தான்.

கார் சும்மா நிற்கக் கூடாதென்று நான் ஓடப் பழகுகிறேன். பழக்குகிறவரிடம் லைசன்ஸ் இருக்க வேண்டுமென்பதால் பக்கத்து வீட்டு அன்புராசா அண்ணை முன்னால் இருக்கிறார். உங்கள் தம்பி பின்சீற்றிலிருந்து கத்துகிறார்.

போன பார்வை திரும்பாதாம். மிச்சத்தைச் சொட்டுமருந்து காப்பாற்றலாமாம். 'விட்டிட்டன்' என்று அவர் சொன்னாலும் நான் போத்தலைத் தூக்கி ஆட்டிப் பார்க்கிறேன். நம்பிக்கை வர நாளாகும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். போன கடிதத்தில் நீங்கள் இனிச் சைக்கிள் ஓடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பிள்ளை எங்கிருந்தோ குறுக்கே வந்ததாம், விழுந்தீர்களாம். கதவு நிலையில் தோளை இடித்துக் கண்டி நீலமாகிப்போனதாகவும் எழுதினீர்கள். எல்லாவற்றுக்கும் ஐஸும் வயதும்தான் காரணமென்று சிரித்து முடித்துவிட்டீர்கள். மச்சாள், அந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தால் வந்தது? எந்தத் தோள் கண்டியது?

இந்த வருத்தம் குடும்பத்தில் இறங்குமென்று டொக்டர் சொல்கிறார். மாமாவின் கண்ணை உப்புக்காற்றும் வெயிலும் கெடுத்ததென்றுதானே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்!

நான் சந்தேகக்காரி என்று உங்கள் தம்பி சொல்வார். சொல்லட்டும். இந்த ஒரு சந்தேகம் மட்டும் முழுப் பிழையாகப் போக வேண்டுமென்று மாதாவிடம் கேட்கிறேன். நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டுங்கள். தனியே போகாதீர்கள், யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்ன சொன்னார்களோ அதை அப்படியே எனக்கு எழுதுங்கள். 'ஒண்டுமில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பதிலுக்காகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கும்
செலீன்